தெரிஞ்சவனை எதுக்கு டெஸ்ட் பண்ணணும்?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இதில் கங்காரு கிடையாது.

"ஆஸ்திரேலியா போயிட்டு வந்திருக்கேன்னு கங்காரு, ஆபரா ஹவுஸ்னு எழுதிட்டு வந்து நிக்காதே. அதெல்லாம் ஆயிரம் பேர் எழுதிட்டாங்க!" - இந்தப் பக்கத்துக்குப் பயிற்சி நிருபராகச் சேர்ந்த அன்றைக்கே பொறுப்பாசிரியர் அண்ணன் போட்ட கண்டிஷன் இது. ஆபரா ஹவுஸ் இருப்பது சிட்னி, நான் இருந்தது மெல்போர்ன், அதை போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் மானம் போய்விடும் என்பதால், "சரிண்ணே" என்று தலையாட்டிவிட்டேன். அதனால், ஒரு மேக்னட் பற்றி எழுதுகிறேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவோமே, அதே சைஸ் மேக்னட்!

எங்கள் கல்லூரிக்கும் அங்கே ஒரு யுனிவர்சிட்டிக்கும் ஒப்பந்தம். இரண்டாம் வருஷத்தில் ஒரு செமஸ்டர் அங்கே படிக்கலாம். ஸ்காலர்ஷிப் புண்ணியத்தில் 2025 பிப்ரவரியில் போய் இறங்கினேன். நம்ம ஊரில் மாசி மாசக் காற்று, அங்கே மண்டையைப் பிளக்கிற வெயில். ரூமுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பச்சைப் புல்வெளி. தினம் சாயந்திரம் ஆனால் 'தொப்... தொப்...' என்று சத்தம். என்னடா என்று எட்டிப் பார்த்தால், கையில்லாத பனியன் போட்ட நாற்பது தடியன்கள் முட்டை வடிவப் பந்து ஒன்றை உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஃபுட்டி! அதாவது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன ட்யூஷன். நம்ம ஃபுட்பால், பாஸ்கெட்பால், கபடி மூன்றையும் ஒரே மிக்ஸியில் போட்டு அடித்தால் என்ன வருமோ அதுதான். 1859-ல் மெல்போர்னில் விதிகள் எழுதினார்கள். மைதானம் கிரிக்கெட் மைதானம் மாதிரி நீள்வட்டம். ஒரு பக்கம் 18 பேர். பந்தை உதைக்கலாம், கையில் வைத்து முஷ்டியால் குத்தி பாஸ் பண்ணலாம், தூக்கி மட்டும் எறியக் கூடாது. இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பம். நடுக் கம்பங்களுக்கு இடையில் உதைத்தால் 6 பாயின்ட், பக்கத்து இடைவெளியில் போனால் 1 பாயின்ட். ஆஃப்சைடு கிடையாது. பெரிய லீக்கின் பெயர் ஏ.எஃப்.எல். அதன் ஃபைனலுக்கு மெல்போர்ன் கிரிக்கெட் கிரவுண்டில் லட்சம் பேர் உட்காருவார்கள். ட்யூஷன் ஓவர்!

நான் பார்த்தது லட்சம் பேர் வரும் ஆட்டமில்லை. புறநகர் கிளப். பகலில் பிளம்பர், எலெக்ட்ரீஷியன், ஸ்கூல் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு சாயந்திரம் வந்து மோதிக்கொள்கிற ஆட்கள். மூன்று நாள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். நாலாவது நாள் கோச் கூப்பிட்டார். "விளையாட வர்றியா?" என்றார். முழங்காலில் இருந்த தையல் தழும்பைக் காட்டினேன். பார்த்தவுடனே புரிந்துகொண்டார். "என்ன படிக்கிறே?" "மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்." "அப்ப எண்ணத் தெரியும்ல? இந்தா!" என்று ஒரு பரீட்சை அட்டையையும் பேனாவையும் கையில் திணித்தார். யார் எத்தனை நிமிஷம் களத்தில் நின்றான், எத்தனை நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்தான் என்று எழுதுவதுதான் என் வேலை. அங்கே எல்லோரும் கோச்சைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்குக் கடைசிவரைக்கும் அது வரவில்லை. 'கோச்' என்றே கூப்பிட்டேன். அவர் ஒரு பிளம்பர். என் அப்பாவைவிட நாலு வயசு பெரியவர்.

அந்தத் தழும்பின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஃபர்ஸ்ட் இயர் இரண்டாவது செமஸ்டர். காலேஜ் ஃபுட்பால் டீமில் லெஃப்ட் விங்காக இடம் கிடைத்திருந்தது. ஃபர்ஸ்ட் இயர் பையனுக்கு இடம்! ஹாஸ்டலில் நடந்தால் சீனியர்களே திரும்பிப் பார்ப்பார்கள். ஸோனல்ஸுக்கு இரண்டு வாரம் முன்னால் பக்கத்து காலேஜோடு ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச். அதற்கு அஞ்சு நாள் முன்னால் ப்ராக்டீஸில் விழுந்து என் வலது முழங்கால் லேசாக வீங்கியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? பெஞ்சில் எட்டு பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள். க்ரேப் பேண்டேஜைச் சுற்றி, மேலே ஸாக்ஸை இழுத்துவிட்டு இறங்கினேன்.

"ஃப்ரெண்ட்லிதானேன்னு நினைக்காதீங்கடா. கரெஸ்பாண்டென்ட் வர்றார். ஜெயிக்கணும்!" என்றார் பி.டி. சார். பெஸ்ட் லெவனை இறக்கினார். தொண்ணூறு நிமிஷமும் அதே பதினோரு பேர். பெஞ்சில் இருந்த எட்டு பேரும் ஆரஞ்சுச் சுளை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எழுபதாவது நிமிஷம் இருக்கும்... பந்தோடு உள்பக்கம் திரும்பினேன். உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. 'பட்' என்று ஒரு சத்தம். ஏ.சி.எல். லிகமென்ட் கிழிந்திருந்தது. ஆபரேஷனுக்கு ஒன்றே முக்கால் லட்சம். அம்மாவின் செயின் அன்றைக்கு பேங்குக்குப் போனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் ஜெயித்தோம். 3-1. கரெஸ்பாண்டென்ட் கைதட்டினாராம். இரண்டு வாரம் கழித்து ஸோனல்ஸில் என் இடத்தில் இறங்கியவன் அந்த எட்டு பேரில் ஒருத்தன். பாவம், அந்த சீஸனில் அவன் விளையாடிய முதல் மேட்ச்சே அதுதான். முதல் ரவுண்டிலேயே வெளியே வந்துவிட்டோம்.

இப்போ மெல்போர்னுக்குத் திரும்பலாம்.

அங்கே லோக்கல் சீஸன் ஏப்ரலில்தான் ஆரம்பிக்கும். மார்ச் கடைசிவரை மைதானம் கிரிக்கெட் கிளப்பின் கையில் இருக்கும். அவர்கள் காலி பண்ணும்வரை கிடைத்த பார்க்கில் பயிற்சி, கிடைத்த கிரவுண்டில் பிராக்டீஸ் மேட்ச். முதல் பிராக்டீஸ் மேட்ச்சுக்கு முந்தைய வியாழக்கிழமை ராத்திரி, 'செலக்‌ஷன் இருக்கு, அட்டையோட வா' என்று கோச் கூப்பிட்டிருந்தார். கிளப் ரூமில் தைல வாசனை, பொரித்த உருளைக்கிழங்கு வாசனை, நாலு பெருசுகள். சுவரில் ஒரு வெள்ளை போர்டு. அதில் நீள்வட்டம் வரைந்து 18 புள்ளி. பக்கத்தில் 41 மேக்னட், ஒவ்வொன்றிலும் ஒரு பையனின் பெயர்.

நான் என்ன எதிர்பார்த்தேன்? பெஸ்ட் 18 மேக்னட்டை எடுத்து ஒட்டுவார், மீதியை டப்பாவில் போடுவார் என்றுதான். அவர் போர்டின் ஓரத்தில் மூன்று கட்டம் போட்டார். முதல் கட்டம்: 'தெரியும்'. இரண்டாவது: 'தெரியாது'. மூன்றாவது: 'தெரிஞ்ச மாதிரி இருக்கு'. 41 மேக்னட்டையும் மூன்றாகப் பிரித்தார். டீமின் கேப்டன், இரண்டு வருஷமாக பெஸ்ட் ப்ளேயர் அவார்ட் வாங்கியவன் எல்லாம் 'தெரியும்' கட்டத்தில். அவர்களுக்கு முதல் ஆட்டத்தில் பாதி நேரம்தான். மீதிப் பாதியில் தண்ணி பாட்டில் தூக்கணும்!

"ஜெயிக்க வேணாமா கோச்?"

"ஜெயிச்சா நல்லதுதான். ஆனா எனக்கு ஏற்கெனவே தெரிஞ்சவனை மறுபடி பார்க்க நான் எதுக்கு ஒரு சனிக்கிழமையை செலவு பண்ணணும்? சீஸன் நடுவுல என் பேக்லைன்ல ஒருத்தன் தோள்பட்டை கழண்டு வெளிய வருவான். அப்ப 19-வது ஆள் யாருன்னு யோசிச்சுட்டு நிக்க முடியாது. இப்பவே தெரியணும்."

எனக்கு ஸோனல்ஸ் ஞாபகம் வந்தது. ஆரஞ்சுச் சுளையும்.

நம்ம லேப் மாதிரிதான் பாஸ். ஒரு ஸ்டீல் ராடின் ஸ்ட்ரெங்த் ஏற்கெனவே தெரியும் என்றால், அதையே மறுபடி மறுபடி மெஷினில் மாட்டி இழுத்துக்கொண்டிருப்போமா? எதன் ரீடிங் நம்மிடம் இல்லையோ அதைத்தானே மாட்டுவோம்! ஆனால், அதற்காக எல்லாப் புதுப் பையன்களையும் ஒன்றாக இறக்கிவிடவும் மாட்டார். அப்படிச் செய்தால் பந்து நம் பக்கம் வரவே வராது, வராத பந்தை ஒருத்தன் எப்படிப் பிடிக்கிறான் என்று எங்கே பார்ப்பது? அதனால் பின்னால் ஒரு பழைய ஆள், நடுவில் ஒரு பழைய ஆள், முன்னால் ஒரு பழைய ஆள். முதுகெலும்பு மாதிரி. அதைச் சுற்றித்தான் புதுசுகள். எதிர் டீம் கோச்சுக்கும் முன்கூட்டியே போன் போட்டுப் பேசிவிடுகிறார். 'நீ யாரைக் கூட்டிட்டு வர்றே? ஃபர்ஸ்ட் டீமா, ரிசர்வ்ஸா?' நோஞ்சான் டீமை அடித்து நொறுக்கினால் நம் ஆட்கள் எல்லோரும் சூரர்களாகத்தான் தெரிவார்கள்!

நானும் சும்மா இருக்கவில்லை. இன்ஜினீயர் இல்லையா... "கோச், ஒரே ஆட்டத்துல ஏழு பேரை புது இடத்துல போட்டா, எது நல்லா வேலை செஞ்சது, எது சொதப்புச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? ஒரு நேரத்துல ஒண்ணைத்தானே மாத்தணும்?" என்றேன். மேஜையைச் சுற்றி இருந்த பெருசுகள் திரும்பிப் பார்த்தன. கோச் கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தார். பின்வரிசையில் இருந்த ஆறு மேக்னட்டில் மூன்று புதுசு. அதில் இரண்டை எடுத்துவிட்டுப் பழைய ஆட்களை வைத்தார். ஒரே ஒரு புது மேக்னட் மட்டும் ஹாஃப்-பேக் இடத்தில் மிச்சம். "சரி... ரெண்டாவது மேட்ச் முழுக்க இவன் ஒருத்தன்தான் டெஸ்ட்" என்றார்.

அந்த மேக்னட்டுக்குச் சொந்தக்காரனை நான் செம்பட்டை என்று கூப்பிடுவேன் (மனசுக்குள்தான்!). தலைமுடி அப்படி. எலெக்ட்ரீஷியன் அப்ரென்டிஸ், வயசு 22. மூன்று வருஷமாக ரிசர்வ்ஸிலேயே கிடக்கிறான். அவன் அப்பா, தாத்தா இரண்டு பேருமே அதே கிளப்பில் சீனியர் டீமில் ஆடியவர்கள். கிளப் ரூம் சுவரில் இருந்த பழைய குரூப் போட்டோ ஒன்றில் தாத்தா கை கட்டி உட்கார்ந்திருப்பார். 'தெரிஞ்ச மாதிரி இருக்கு' கட்டத்தில் முதல் மேக்னட் அவனுடையதுதான்.

அந்த வாரமே கிளப் பையன்கள் என்னை ஒரு ஏ.எஃப்.எல். கிளப்பின் பயிற்சி ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்டேடியம் இல்லை, புல்மேட்டில் உட்கார்ந்து பார்க்கிற சாதாரண கிரவுண்ட். ஒரு பெரிய ஸ்டார் ஹாஃப் டைமோடு பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, சின்னப் பசங்களுக்கு ஆட்டோகிராஃப் போட ஆரம்பித்துவிட்டார். நம்ம ஊராக இருந்தால் 'காசு குடுத்தது எதுக்கு?' என்று சண்டை நடந்திருக்கும். அங்கே யாருக்கும் கோபமே இல்லை. "மார்ச்ல அவன் கால்ல வலு இருந்தா போதும்" என்றார் பக்கத்தில் இருந்த பாட்டி, டீ ஃப்ளாஸ்க்கைத் திறந்துகொண்டே!

ஆனால், எப்போதும் இப்படி இல்லையாம். ப்ரீ-சீஸனுக்கென்றே தனிக் கோப்பை, பரிசுப் பணம் எல்லாம் வைத்து நடத்திக்கொண்டிருந்தார்கள். அதில் சோதனை விதிகளும் உண்டு. 50 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து அடித்தால் 9 பாயின்ட் என்று ஒரு 'சூப்பர் கோல்' கூட வைத்திருந்தார்கள். கார்ல்டன் என்ற பழைய பெரிய கிளப் 2005-ல் அந்தக் கோப்பையை ஜெயித்தது. அதே வருஷம் லீக்கில் கடைசி இடம்! சரி, திருஷ்டி கழிந்தது என்று விட்டார்களா? 2007-ல் மறுபடி கோப்பை... லீக்கில் 16 டீமில் 15-வது இடம். அதற்காக 'ப்ரீ-சீஸன் ஜெயிச்சா சீஸன் காலி' என்று தியரி எழுதிவிடாதீர்கள். 2000-ல் எஸ்ஸெண்டன், 2009-ல் ஜிலாங் இரண்டுமே அதையும் ஜெயித்து, அசல் கோப்பையையும் தூக்கியிருக்கின்றன. ஆக, அந்த ஸ்கோரைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் நிஜம். 2013-ல் பிரிஸ்பேன் ஜெயித்ததோடு அந்தக் கோப்பைக்கே மங்களம் பாடிவிட்டார்கள். அதற்குப் பிறகு வெறும் பயிற்சி ஆட்டங்கள்தான். கோப்பை போனதும் கோச்சுகளுக்கு நிம்மதி. மேக்னட்டை இஷ்டத்துக்கு நகர்த்தலாமே!

நகர்த்தினால் சில சமயம் புதையலும் கிடைக்கும். 2024 சீஸன் தொடங்கும்போது சிட்னி ஸ்வான்ஸுக்கு நடுக்களத்தில் ஆளே இல்லை. காலம் மில்ஸ், லூக் பார்க்கர், டெய்லர் ஆடம்ஸ் மூன்று பேருக்கும் காயம். ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருந்த ஐசக் ஹீனியை நடுவே தள்ளினார்கள். அந்த வருஷம் லீக்கிலேயே மிரட்டலான ஆட்டக்காரர்களில் ஒருத்தர் ஆகிவிட்டார். டீம் கிராண்ட் ஃபைனல் வரை போனது. (அங்கே பிரிஸ்பேனிடம் 60 பாயின்ட்டில் செம அடி வாங்கியது தனிக் கதை.)

புதையல் ஒரு பக்கம் என்றால், குழி இன்னொரு பக்கம். கிறிஸ்டியன் பெட்ராக்கா என்று ஒரு பையன். 2014 ட்ராஃப்ட்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். மெல்போர்ன் கிளப்புக்கு வந்து முதல் ப்ரீ-சீஸன் முடிவதற்குள் பயிற்சியில் முழங்கால் போய், 2015 முழுக்கக் காலி. அதே ஏ.சி.எல்.! ஒரே ஒரு மேட்ச்கூட ஆடாமல் ஒரு வருஷம். பிறகு மீண்டு வந்து 2021 கிராண்ட் ஃபைனலில் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் மெடலை வாங்கினார். இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி என் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். வேறெதற்கும் இல்லை, சும்மாதான்.

இதனால்தான் அங்கே பெரிய கிளப்புகளில் நிமிஷங்களை ரேஷன் மாதிரி அளந்து கொடுக்கிறார்கள். ஒவ்வொருத்தன் பனியனுக்குள்ளும் இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் தீப்பெட்டி மாதிரி ஒரு ஜி.பி.எஸ். அந்த மாதிரிக் கருவிகளுக்குப் பேர் போன காட்டபல்ட் கம்பெனியே 2006-ல் மெல்போர்னில் ஆரம்பித்ததுதான். இந்த ஏழு நாளில் எவ்வளவு ஓடினான் என்பதை, கடந்த நாலு வாரச் சராசரியால் வகுக்கிறார்கள். டிம் கேபெட் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி பிரபலமாக்கிய கணக்கு இது. 0.8-லிருந்து 1.3 வரை இருந்தால் பரவாயில்லை, 1.5-ஐத் தாண்டினால் உஷார்! 'இந்த வகுத்தல் கணக்கே தப்பு' என்று பிறகு வேறு ஆய்வாளர்கள் சண்டைக்கு வந்தது வேறு விஷயம். எங்கள் கிளப்பில் ஜி.பி.எஸ். ஏது? நான்தான் ஜி.பி.எஸ். பேனாவும் ஒரு பழைய ஸ்டாப் வாட்ச்சும்.

இரண்டாவது பிராக்டீஸ் மேட்ச். மார்ச் மாத சனிக்கிழமை. 33 டிகிரி. ஸ்கோர்போர்டை ஆன் பண்ணவே இல்லை. முதல் பாதியில் சீனியர் டீம் முழுசாக, அதன் பிறகு ஓரத்து ஆட்களுக்கு நேரம் - இதுதான் ப்ளான். செம்பட்டைக்கு மட்டும் நாலு குவார்ட்டரும். எதிர் டீமின் பெஸ்ட் ஃபார்வர்டை அவன் தலையில் கட்டினார்கள். மக்களே... என்ன ஆட்டம் ஆடினான் தெரியுமா! எதிரிக்கு வருகிற பந்தையெல்லாம் குறுக்கே பாய்ந்து பிடிக்கிறான். இரண்டாவது குவார்ட்டர் முடிந்தபோது, கோச் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. "முதல் ரவுண்டுக்கு இவன்தான். எனக்கு வேற எதுவும் பார்க்க வேணாம்."

மூன்றாவது குவார்ட்டர் நடுவில் மூச்சு வாங்க பெஞ்சுக்கு வந்தான். நான் 74 என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவன் கை தொடையின் பின்பக்கம் போனது. ஒரு செகண்ட்தான். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டான். குனிந்து என் காதருகே, "நிமிஷத்தை மட்டும் எழுது மச்சி. இதை எழுதாதே" என்றான். ('மைட்' என்றுதான் சொன்னான். ஆனால் அவன் சொன்ன தொனிக்கு மச்சிதான் சரி.) அடுத்த நிமிஷம் களத்துக்குள் ஓடிவிட்டான்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நிஜமாகத்தான் கேட்கிறேன்.

ஆறு நிமிஷம் நான் எதுவும் செய்யவில்லை. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், அதனால்தான் ஆறு என்று தெரியும். இந்த டெஸ்டில் அவன் ஒருத்தனை மட்டும் மாட்டிவிட்டதே என் யோசனைதானே என்பதும் ஓடியது. க்ரேப் பேண்டேஜ், ஸாக்ஸ், அம்மா கழுத்து... எல்லாம் ஓடியது. பிறகு ஒரு பந்தைத் துரத்தும்போது அவன் ஓட்டம் பாதியில் லேசாகக் குறைந்தது. யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. எழுந்து போய் கோச்சிடம் சொல்லிவிட்டேன்.

அரை நிமிஷத்தில் வெளியே கூப்பிட்டுவிட்டார். அவன் கோச்சைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தான்.

ஹாம்ஸ்ட்ரிங்கில் லேசான கிழிசல், மூன்று வாரம் ஓய்வு என்றார் பிஸியோ. முதல் ரவுண்டு போச்சு. அந்த ஹாஃப்-பேக் இடத்துக்கு 'தெரியாது' கட்டத்தில் இருந்த 18 வயசுப் பொடியன் ஒருத்தன் வந்தான். நன்றாக ஆடினான். நன்றாக ஆடுகிறவனை எப்படி எடுப்பது? எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கார் பார்க்கிங்கில் செம்பட்டையிடம் போய் நின்றேன். "அது பெருசா கிழிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தேன். "கிழியலையே?" என்றான். "நீ ஜூன்ல ஊருக்குப் போயிடுவே. நீ வேடிக்கை பார்க்க வந்தவன். எனக்கு இதுதான் ஊரு." காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னும் இல்லை.

கோச் என்னைப் பாராட்டுவார் என்று நினைத்தேன். அவரும் பாராட்டவில்லை. அந்த வியாழக்கிழமை எல்லோரும் போன பிறகு போர்டு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். "அவன் உன்கிட்ட மறைக்கச் சொன்னான்ல? அதான் எனக்குத் தூக்கம் வரலை. கேப்டனுக்கு இதே வலி வந்திருந்தா மறைச்சிருப்பானா? 'கோச், தொடை பிடிக்குது'ன்னு சிரிச்சுக்கிட்டே வந்து உட்கார்ந்திருப்பான். அவன் இடம் எங்கேயும் போகாது. பிராக்டீஸ் மேட்ச் ஓரத்துல இருக்கிறவனுக்குத்தான்னு நான் சொல்லச் சொல்ல, ஓரத்துல இருக்கிறவன்தான் பொய் சொல்வான்."

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. 'தெரியும்' கட்டம், 'தெரியாது' கட்டம் என்று அவ்வளவு அழகாக யோசித்த ப்ளானில் இப்படி ஒரு ஓட்டை! யோசித்துப் பார்த்தால் பெரிய லீக்கிலும் இதே கதைதான். 2019 சீஸனுக்காக அங்கே ஒரு புது விதி கொண்டுவந்தார்கள். டீம் லிஸ்ட்டில் காலி இடம் இருந்தால், வெளியாளை ப்ரீ-சீஸன் முழுக்கக் கூடவே பயிற்சி எடுக்கவைத்து, பிடித்திருந்தால் சீஸனுக்கு முன்னால் கான்ட்ராக்ட் கொடுக்கலாம். அப்படித்தான் மைக்கேல் கிப்பன்ஸ், வி.எஃப்.எல்.லில் இரண்டு முறை சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியும் ட்ராஃப்ட்டில் யாரும் எடுக்காத ஆள், 2019 மார்ச்சில் கார்ல்டனுக்குள் நுழைந்தார். ரிச்மண்டில் சிட்னி ஸ்டாக்கும் அதே வழியில் வந்தவர்தான். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால், காலி இடம் ஒன்று, போட்டி போடுவது மூன்று பேர், கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள் என்கிற நிலைமையில் நிற்கிற ஒரு பையனுக்குத் தொடை பிடித்தால்... அவன் வாயைத் திறப்பானா? தோள்பட்டைக்கு நடுவில் இருக்கிற தீப்பெட்டி வேண்டுமானால் சொல்லும்.

அடுத்த வாரம் கோச் போர்டின் மூலையில் ஒரு வரி எழுதினார். 'ப்ரீ-சீஸனில் வலியைச் சொல்லி வெளியே வந்தவனுக்கு முதல் ஆறு ரவுண்டுக்குள் ஒரு சீனியர் மேட்ச் கட்டாயம் உண்டு.' பெருசுகளில் ஒருத்தர், "அப்ப எல்லாப் பயலும் வலிக்குதுன்னு வருவான்" என்று சண்டைக்கு வந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதா, இல்லையா? கோச் அழிக்கவில்லை.

அந்த வரியின்படி ஐந்தாவது ரவுண்டில் செம்பட்டைக்கு ஒரு மேட்ச் கிடைத்தது. அவன் அப்பா வேலி ஓரமாக கேம்ப் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மழை. சுமாராகத்தான் ஆடினான். சினிமா மாதிரி கடைசி நிமிஷத்தில் கோல் எல்லாம் இல்லை. அடுத்த வாரம் மறுபடி ரிசர்வ்ஸ். நான் கிளம்புகிற வரைக்கும் அங்கேயேதான் இருந்தான். என்னிடம் பேச ஆரம்பித்திருந்தான், அவ்வளவுதான். கடைசிப் பயிற்சி அன்றைக்கு என்னோடு பந்தைக் குத்தி பாஸ் பண்ணிக்கொண்டே, "அன்னிக்கு நான் உள்ளேயே இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?" என்றான். "தெரியாது" என்றேன். "எனக்கும்தான்" என்றான். பந்தை வாங்கத் தவறி, என் நெஞ்சில் அடித்து விழுந்தது. சிரித்தான்.

இதெல்லாம் போன வருஷக் கதை. ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால்...

நேற்று சாயந்திரம் ஆறு மணி. மெஸ்ஸில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப். செம்பட்டை! பல மாசத்துக்குப் பிறகு முதல் மெசேஜ். அந்தப் பொடியன் வேறு கிளப்புக்குப் போய்விட்டானாம். ஹாஃப்-பேக் இடம் காலி. சனிக்கிழமை பிராக்டீஸ் மேட்ச். நாலு குவார்ட்டரும் இவனுக்குத்தான். கீழே இன்னொரு வரி: 'ரெண்டு நாளா தொடை இறுக்கமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லலை. உன்கிட்ட மட்டும்தான்.'

அங்கே அப்போது ராத்திரி பதினொன்றரை. இரண்டு நீல டிக்கும் விழுந்துவிட்டது, நான் படித்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரியும். கோச் நம்பரும் என்னிடம் இருக்கிறது. ஒரு பதில் டைப் பண்ணினேன், அழித்தேன். இன்னொன்று டைப் பண்ணினேன், அதையும் அழித்தேன். டீ ஆறிப்போனது. இன்றைக்கு வியாழக்கிழமை.